அத்தையின் டெர்மினல்

எங்கள் வீட்டுப் பெண்கள் தனியாக வெளியே போகக் கூடாது. துணைக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஏழு வயதானாலும் பரவாயில்லை. அப்பாவின் தங்கையான அத்தை பீளமேட்டில் பொறியியல் கல்லூரியில் படித்தபோது, எனக்குப் பள்ளி விடுமுறை என்றால் அவளுக்குக் காவல் நான்தான்.

கல்லூரிக்கே ஒரே கம்ப்யூட்டர். குளிரூட்டிய அறைக்குள் பீரோ பீரோவாக நின்றது. முன்பெல்லாம் அட்டையில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு, விடைக்கு மறுநாள் வரை காத்திருப்பார்களாம். பிறகு அதிலிருந்து கம்பி இழுத்து, பக்கத்து அறையில் திரையும் விசைப்பலகையுமாகச் சில டெர்மினல்களை வைத்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை பார்க்கலாம்.

"ஆளுக்குக் கொஞ்ச நேரம்னு அது சுத்திச் சுத்தி வருது கண்ணு. ஆனா நம்மளுக்கு மட்டுந்தான் வேலை செய்யுதுன்னு தோணும்" என்பாள் அத்தை. வீட்டில் அதிகம் வாய் திறக்காதவள், இதைச் சொல்லும்போது மட்டும் வேறு ஆளாக இருப்பாள்.

அந்தச் சனிக்கிழமைதான் அவளுடைய ப்ராஜெக்டுக்குக் கடைசி வாய்ப்பு. ஞாயிறு அறை பூட்டியிருக்கும். திங்கட்கிழமை காலையில் ஒப்படைக்காவிட்டால் பட்டம் கிடையாது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அப்பாரு, அதாவது என் தாத்தா, விடமாட்டார். ஜாதகம் அதற்குள் உடுமலைப்பேட்டை வரை போய்விட்டது.

அன்று எல்லா நாற்காலியிலும் ஆள். மெஷின் திணறியது. ஒரு விசையை அழுத்தினால், எழுத்து திரைக்கு வருவதற்குள் நான் கொட்டாவி விட்டு முடித்தேன். பக்கத்து மாணவர் அத்தையிடம் திரும்பி, "ஏனுங்க, ஒருத்தரு எந்திரிச்சாக்கூட வேகமாப் போகுமுங்க" என்றார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அறையில் இருந்த ஆண்கள் யாரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அன்று அவர் எனக்கு நல்லவராகத்தான் தெரிந்தார்.

"நீங்க முடிச்சுக்குங்க. நான் அப்பறம் பாத்துக்கறனுங்க" என்று அத்தை எழுந்துவிட்டாள். அவளை அப்படித்தான் வளர்த்திருந்தார்கள்.

வராந்தா பெஞ்சில் காத்திருந்தோம். அறையைப் பூட்டும் நேரத்தில்தான் உள்ளே இருந்த மாணவர்கள் வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒவ்வொருவரும் ரொம்ப நன்றிங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தை எல்லோருக்கும் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாரு கேட்டார். "முடிஞ்சுதா அம்மணி?"

"முடிஞ்சுதுங்க."

எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரே மெஷின் என்றால் எல்லோருக்கும் ஒரே வேலை என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு முடிந்தால் அத்தைக்கும் முடிந்ததாகத்தானே அர்த்தம். அன்று அவள் சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததைக்கூட, வேலை முடிந்த அலுப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.