ஜங்காரின் ஜ

என் மகளுக்கு உத்திராட நட்சத்திரம். பே, போ, ஜ, ஜி என்று நான்கு எழுத்துகளைத் தாளில் எழுதிக் கொடுத்தார் சோதிடர். பே, போ இரண்டும் கேட்க நன்றாக இல்லை என்று நான்தான் தள்ளிவிட்டேன். மூன்று வாரம் தேடி ஜ-வில் தொடங்கும் பெயர் ஒன்றைப் பிடித்தேன். வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. பே-வையே எடுத்திருந்தால் என்ன என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

மூன்று வயது தாண்டியதும் அவளுக்குப் பேச்சு திக்கத் தொடங்கியது. எல்லாச் சொல்லிலும் இல்லை. அம்மா வரும், தண்ணி வரும், கோழிக்குஞ்சு கூட வரும். ஜ-வில் மட்டும் நின்றுவிடுவாள். இறுகிப்போன கதவைத் தோளால் தள்ளுகிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு, "ஜ... ஜ... ஜ..." என்று தள்ளுவாள். தன் பெயரைச் சொல்லவும் அதே கதவுதான்.

டாக்டர் பயப்பட வேண்டாம் என்றார். "அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க வாயத் திறக்காதீங்கம்மா. அது போதும் இப்போதைக்கு." நான் படித்தவள். குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். அன்று சாயங்காலமே பேக்கரியில் அவள் "ஜ... ஜ..." என்று நிற்கும்போது, பின்னால் இரண்டு பேர் காத்திருக்கிறார்களே என்று, "ஜூஸ் வேணுமாம்" என்று நான் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. முடிந்துவிட்டது என்கிற நிம்மதிதான் அந்த முகத்தில் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதன்பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜ வருகிற சொல்லுக்கெல்லாம் வேறு சொல் கொடுத்தேன். ஜூஸ் பழச்சாறு ஆனது. ஜன்னல் சாளரம் ஆனது. ஜமுக்காளம் விரிப்பு ஆனது. ஒரு மாதத்தில் அல்லிநகரத்தில் எங்கள் தெருவில் சுத்தமான தமிழ் பேசுகிற ஒரே பிள்ளை என் மகள்தான். "அண்ணே, ஒரு பழச்சாறு" என்று ஐந்து வயதுப் பிள்ளை கேட்டால் பேக்கரிக்காரர் சும்மா இருப்பாரா? "அடேயப்பா, இந்தாங்க புலவரம்மா" என்று இரண்டு கையாலும் நீட்டுவார். பக்கத்து வீட்டு அக்கா என்னிடம், "பிள்ளைக்கு எம்புட்டு அழகாத் தமிழ் சொல்லிக் குடுத்திருக்க! எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே" என்றார். நான் சிரித்துக்கொண்டேன். எதற்காக அந்தத் தமிழ் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மாற்றுச் சொல் இல்லாமல் மிஞ்சியது இரண்டுதான். ஒன்று அவள் பெயர். இன்னொன்று ஜங்கார்.

என் கணவர் சொந்தமாக ஒரு சரக்கு வண்டி வைத்திருக்கிறார். கம்பம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு, குமுளி மலையேறி, கேரளக் கடற்கரை வரைக்கும் போவார். கொச்சிக்குப் பக்கத்தில் காயல் கடலோடு சேருகிற ஓரிடத்தில் பாலம் கிடையாது. வண்டிகளை அக்கரை சேர்ப்பது ஜங்கார்தான். தட்டையான இரும்புத் தளம், ஓரமாக ஓட்டுகிறவருக்கு ஒரு கூண்டு, இரண்டு முனையிலும் இறங்கி ஏறுகிற பலகைக் கதவு. வண்டி ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கிப் போகும். அவர் அதைப் படம் பிடித்து அனுப்புவார். ஐந்தாறு வண்டிகளைச் சுமந்துகொண்டு அது ஆடாமல் அசையாமல் வருவதை என் மகள் நூறு தடவை பார்ப்பாள்.

"அதுக்கு முதுகே இல்லப்பா. ரெண்டு பக்கமும் மூஞ்சி" என்று ஒருநாள் சொன்னாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கே படித்துறையில் செல்போன் உறை விற்கிற கடைக்காரரிடம் அதைச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடைக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. அந்தக் கரையோரத்து ஜங்கார்களைப் பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவே அவரிடம் இருந்தது. என் கணவரையும் சேர்த்துவிட்டார். வண்டி ஓட்டுகிறவருக்கு எங்கே நேரம்? குழுவைக் கேட்பது நானும் மகளும்தான்.

கேட்பது என்றுதான் சொல்ல வேண்டும். மலையாளம் எனக்கு வாசிக்க வராது, கேட்டால் புரியும். பெரிய மனிதர்கள் குரல் பதிவுகளில் சண்டை போடுவார்கள். இன்றைக்கு எஞ்சின் சத்தம் வேறு மாதிரி இருந்தது என்பார் ஒருவர். இல்லை, உன் காதுதான் வேறு மாதிரி இருக்கிறது என்பார் இன்னொருவர். பலகைக்குப் புதுச் சாயம் அடித்தால் நான்கு கோணத்தில் படம் வரும். இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை போட்ட பழையதுதான் உண்மையான ஜங்கார், இரும்பில் செய்தது வெறும் தட்டு என்று ஒரு பெண் விடாமல் வாதாடுவார். முதலில் எனக்கு விசித்திரமாக இருந்தது. பிறகு காலையில் தோசை ஊற்றும்போது அந்தக் குரல்கள் இல்லாவிட்டால் சமையலறை வெறிச்சென்று இருந்தது.

மகள் மட்டும் அந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் தவித்தாள். படகு என்று சொல்லு என்றேன். "படகுல லாரி ஏறாதும்மா" என்றாள். அப்படியானால் ஜ-வுக்குப் பதில் ச போட்டுக்கொள் என்றேன். ஒரே ஒரு எழுத்துதானே? சங்கார், சங்கார் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய் வந்தார்.

"ஏத்தா, என்ன உம் மக வெள்ளிக்கிழமையும் அதுவுமா அப்பா சங்காரத்துல போறாரு, சங்காரத்துல போறாருங்கிறா? சூரனத்தான் சங்காரம் பண்ணுவாக. ரோட்டுல வண்டி ஓட்டுற மனுசன்!"

விளக்கிச் சொல்லி இருவரும் சிரித்தோம். ஆனால் அக்கா போனதும், குமுளி மலையில் இருபது வளைவுகளையும் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு என் கணவருக்குப் போன் போட்டேன். அன்று மாலையிலிருந்து அவள் படகு என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஆக்கிவிட்டேன்.

அந்த ஒரே ஒரு எழுத்து யோசனை மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பு. சேர்க்கைக்குப் போகும்போது தலைமையாசிரியை பிள்ளையிடம் பெயர் கேட்பார் என்று சொல்லியிருந்தார்கள். பெயரின் முதல் எழுத்தை ச என்று மாற்றிவிட்டால்? இ-சேவை மையத்தில் பிறப்புச் சான்றிதழைத் திருத்துவது எப்படி என்று விசாரித்து வைத்தேன். பள்ளி விண்ணப்பத்தில் பென்சிலால் புதுப் பெயரை எழுதியும் பார்த்தேன். என் கணவரிடம் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "இது யாரு?" என்றார்.

"கிண்டல் பண்ணாதீக. நாளைக்கு கிளாஸ்ல நாப்பது பிள்ளைக சிரிக்கும். நீங்களா போய் நிக்கப் போறீக?"

"நான் ஒண்ணும் சொல்லல. லீவுல ஒரு தடவ அவள அங்கன கூட்டிட்டுப் போவோம். வந்து பேனாவால எழுது."

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். மலை இறங்கும்போது அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். வந்திருக்கவே கூடாதோ என்று நினைத்தேன். புளிச்சோற்றுக்குப் பதில் இட்லி கட்டியிருக்க வேண்டுமோ என்றும் நினைத்தேன். படித்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். உப்பும் டீசலும் மீனும் கலந்த காற்று. கடைக்காரர் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, தோளில் கேமராவோடு தயாராக நின்றார். நாற்பது வயது இருக்கும். கூடவே, பழைய ஜங்காருக்காக வாதாடும் அந்தப் பெண்ணும் வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், வேலை முடித்து நேராக வந்திருக்கிறார். குரலை வைத்தே மகள் அவரைக் கண்டுகொண்டு என் சேலைக்குள் ஒளிந்தாள்.

அக்கரையிலிருந்து ஜங்கார் கிளம்பியது. மகள் சேலையை விட்டு வெளியே வந்தாள். கையை நீட்டி, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, "படகு வருது!" என்றாள்.

கடைக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். உண்மையிலேயே மனம் புண்பட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

"படகோ? அய்யோ மோளே! இதைப் படகுன்னு சொல்லலாமோ? லாரி போகுமோ படகில்?"

"நான் சொன்னேன்ல" என்று அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பி, "இது ஜ..." என்றாள். நின்றது. கண்ணை மூடினாள்.

எனக்கு அந்தச் சொல் நாக்கு நுனியில் இருந்தது. கொஞ்சம் இருங்கள், பிள்ளைக்குப் பயணக் களைப்பு என்று சொல்லவும் வாய் வந்தது. ஆனால் அவர்கள் இருவரும் அவளைப் பாவமாகப் பார்க்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. தூரத்தில் வருவது கரை தொடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிற்கப் பழகியவர்கள். அப்படியே நின்றார்கள்.

"ஜ... ஜ... ஜங்கார்."

"ஆங்! அது!" என்று கடைக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டார்.

"இரும்புல செஞ்சதுக்கு அந்தப் பேரு கூடாதாக்கும்" என்றார் நர்ஸ். "மோளே, நீ சொல்லு, எது நல்லது?"

"ரெண்டு பக்கமும் மூஞ்சி இருந்தா எல்லாமே நல்லதுதான்" என்றாள் மகள். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. எந்த நாள், எந்த ஜங்கார், அன்றைக்குக் கூட நின்று பார்த்தவர்கள் யார் என்று எழுதி வைப்பாராம். பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்: "மோளுடெ பேரு எந்தா?"

நான் சொல்லிவிட்டேன். பழக்கம். எந்தப் பெயரைச் சொன்னேன் என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. பென்சில் பெயராகவும் இருக்கலாம். ஏனென்றால் சரியாக அப்போதுதான் ஜங்கார் கரையை நெருங்கி ஹாரன் அடித்தது. நெஞ்சுக்குள் அதிர்கிற மாதிரி நீளமாக அடித்தது. என் வாய் அசைந்ததை அவர் பார்த்திருப்பார், காதில் ஒன்றும் விழுந்திருக்காது. என்னைத் திரும்பக் கேட்கவில்லை. குனிந்து அவளைத்தான் பார்த்தார்.

அவள் தொடங்கினாள். பலகை இறங்கிக் கரையில் உட்கார்ந்தது. முதலில் பைக்குகள் இறங்கின. "ஜ..." ஒரு ஆட்டோ இறங்கிப் போனது. "ஜ... ஜ..." மீன் பெட்டி ஏற்றிய வண்டி ஒன்று தண்ணீர் சொட்டச் சொட்டப் போனது. நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அவர் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. கடைசிக் கார் இறங்கும்போது அவள் பெயர் முழுதாக வெளியே வந்திருந்தது.

கடைக்காரர் எழுதப்போனவர் நிமிர்ந்தார். "ச-வா, ஜ-வா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வண்டிச் சத்தத்தில் சரியாகக் காதில் விழாததால், அந்த மனிதர் எழுத்துப் பிழை வரக்கூடாது என்றுதான் கேட்டார், வேறொன்றும் இல்லை.

அவள் இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. கரையில் நிற்பதைக் கையால் காட்டினாள். "அந்த ஜ."

"ஓ, ஜங்காரின்றெ ஜ" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.

பிறகு நாங்கள் ஏறி அக்கரை போனோம், திரும்பி வந்தோம், மறுபடியும் போனோம். அவள் நடுத்தளத்தில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் முகம் என்று தலையை மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வந்ததும் திக்கல் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. பேக்கரியில் அவள் ஜூஸ் கேட்டு முடிப்பதற்குள் பின்னால் ஆள் சேர்ந்துவிடுகிறார்கள். பேக்கரிக்காரருக்குத்தான் வருத்தம். "என்ன புலவரம்மா, பழச்சாறு எங்க போச்சு?" என்று கேட்கிறார்.

விண்ணப்பத்தில் பென்சிலை அழித்தேன். தாள் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. அதன்மேல் பேனாவால் பழைய பெயரை எழுதினேன். மை லேசாக ஊறிப் பரவியது. வேறு விண்ணப்பம் வாங்கியிருக்கலாமோ என்று பள்ளி வாசல் வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.

தலைமையாசிரியை கேட்டார். மகள் "ஜ..." என்று நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், அம்மா சொல்லட்டும் என்கிற மாதிரி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே விளையாட்டு மைதானத்தில் ஒன்றுமே இல்லை. பைக்குகள் இறங்குகின்றன என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டோ இறங்குகிறது. மீன் வண்டி இறங்குகிறது.

மீன் வண்டியிலேயே சொல்லி முடித்துவிட்டாள்.