முகத்துவாரத்துக்கு வெளியே

துறைமுகத்தில் எல்லோருக்கும் அவள் ‘மிதவையக்கா’. கடலோரம் நெடுக நங்கூரமிட்டிருக்கும் மஞ்சள் மிதவைகளைப் பராமரிப்பது அவள் வேலை. படகில் போய் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டுவாள், பேட்டரி மாற்றுவாள். மற்ற நாட்களில் அலுவலக மாடியில் உட்கார்ந்து, அவை அனுப்பும் அலை உயரத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பாள். புருஷன் தீவுக்குப் போகும் பயணிகள் படகின் ஓட்டுநர். “வீட்ல ஒருத்தர் கடலை அளக்கறோம், ஒருத்தர் கடக்கறோம். துணி துவைக்கத்தான் ஆளில்லை” என்பாள்.

போன மாதம், கரையிலிருந்து வெகுதூரத்தில் கிடக்கும் வெளி மிதவை நாலு மீட்டர் அலை என்று காட்டியது. படகை நிறுத்தச் சொன்னாள். கடலோ பாய் விரித்த மாதிரி கிடந்தது. கோளாறு மிதவையில். பயணிகள் திட்டித் தீர்த்தார்கள். அதன்பிறகு சாப்பாடு கொஞ்சம் தாமதமானாலும், “என்ன, அடுப்படியில நாலு மீட்டர் அலையா?” என்று புருஷன் சீண்டுவார்.

இந்த மாதம் ஒருநாள், அன்று போலவே நல்ல வெயில். மதியப் படகு கிளம்பிய பிறகு அதே மிதவை மறுபடி நாலு மீட்டர் காட்டியது. மற்றவற்றில் சலனமே இல்லை. அலைகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியைப் பார்த்தாள். போன முறை அது தாறுமாறாகக் குதித்திருந்தது. இப்போது நீண்டு, சீராக இருந்தது. எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை. ஆழத்தில் அது படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். துறைமுகத்துக்குள் நுழையும் வாயான, ஆழமில்லாத முகத்துவாரத்தில்தான் சுவராக எழுந்து உடையும்.

ரேடியோவை எடுத்தாள். “என்னங்க, எங்க இருக்கீங்க?”

“பாதி தூரம் வந்தாச்சு. ஏன்?”

“பெரிய அலை வருது. வெளி மிதவை காட்டுது.”

சிரித்தார். “அதே மிதவையா?”

“அதேதான். இந்தத் தடவை நிஜம்னு தோணுது.”

சிரிப்பு நின்றது. “சரி, திருப்பிடறேன்.”

“ஐயோ, வேணாம்! நீங்க முகத்துவாரத்துக்கு வர்ற நேரம் அலையும் வந்துடும். தீவுத் துறையிலயும் ஆழமில்லை. ஆழத்துலயே நில்லுங்க.”

“படகு பூரா ஜனம். என்னத்தைச் சொல்லி நிறுத்தி வைக்கிறது?”

“என்னைத் திட்டச் சொல்லுங்க.”

ரேடியோவில் என்ஜின் சத்தம் தணிவது கேட்டது. பிறகு, “சரிம்மா.”

ரேடியோ பேச்சைக் கேட்டுவிட்டுத் துறைமுக அதிகாரி மாடியேறி வந்தார். “உறுதியாத் தெரியுமாம்மா?”

“தெரியாது சார். ஆனா முகத்துவாரத்தை மூடிடுங்க.”

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு சிவப்புக் கொடியை ஏற்றச் சொன்னார்.

ஜன்னலுக்கு வெளியே கடல் தூங்குகிற மாதிரி இருந்தது. அடுத்த மிதவையின் எண் எகிறியது. அதற்கடுத்ததும். முகத்துவாரத்தில் தண்ணீர் மெல்ல உப்பியது, நிமிர்ந்தது, இடிந்து விழுந்தது. அலைதடுப்புச் சுவரின் பாறைகள் உருண்டன. ரேடியோவில் கூப்பிட்டாள். பதிலில்லை. மறுபடி கூப்பிட்டாள். கடைசியில் புருஷனின் குரல் வந்தது.

“தூக்குது, இறக்குது. எல்லாரும் வாந்தி எடுக்கறாங்க. கவிழலை.”

“நான் சொல்றவரைக்கும் அங்கயே நில்லுங்க” என்றாள்.

பொழுது சாய்வதற்குள் அலை தணிந்து படகு உள்ளே வந்தது. வெளிறிப்போய் இறங்கிய ஒரு பெண், “குடலே வெளிய வந்துடுச்சும்மா உன்னால” என்று கத்திவிட்டுப் போனாள். மிதவையக்கா அடுத்து இறங்கியவருக்குக் கை கொடுத்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது புருஷன் கேட்டார். “நீ சொன்னது தப்பாயிருந்தா?”

“வீணா வாந்தி எடுத்திருப்பீங்க.”

அவர் சிரிக்கவில்லை. “நடுவுல ஒரு தடவை கரைப்பக்கம் திருப்பிட்டேன். ஜனம் அழுதது தாங்கலை. அப்புறம்தான் மனசு மாறி மறுபடி ஆழத்துப் பக்கமே வளைச்சேன்.”

அவள் தெருவிலேயே நின்றுவிட்டாள். அழுகை அப்போதுதான் வந்தது.