மாமியார் நேர்ந்த ஓட்டம்

சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயில்களை ஓடியே சுற்றி வருகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. முன்சிறைக்கு அருகே திருமலையில் முந்தின நாள் சாயங்காலம் புறப்பட்டால், மறுநாள் இரவு திருநட்டாலத்தில் முடிக்க வேண்டும். காவி வேட்டி, கையில் சாமிக்கு வீச ஒரு பனையோலை விசிறி, இடுப்பில் திருநீற்றுப் பை. ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, ஈரத்தோடு கும்பிட்டு, மறுபடியும் ஓட்டம். ஓடுவது சிவனைப் பார்க்க. வழி நெடுகக் கூப்பிடுவதோ பெருமாளை. ஒருவர் 'கோவிந்தா' என்றால் மற்றவர் 'கோபாலா' என்பார். இதைப் பற்றிக் கேள்வி கேட்டால் எங்கள் ஊரில் முறைப்பார்கள்.

நான் ஓடுகிற ஆளே இல்லை. நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற வேலை எனக்கு. காலையில் பாயில் உட்கார்ந்தால் கடை அடைக்கும்போதுதான் எழுந்திருப்பேன். சாமி விஷயத்திலும் பட்டும் படாமலும் இருந்தவன். ஆனால் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவது தரிக்கவும், என் மாமியார் ஒரு நேர்ச்சை போட்டுவிட்டாள். பிள்ளை உயிரோடு கிடைக்க வேண்டும், அதற்கு மருமகன் சிவாலயம் ஓடுவான் என்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டைக் கேட்டா மஞ்சத் தண்ணி தெளிக்கிறார்கள்? மாட்டேன் என்று சொல்லலாம். சொன்ன பிறகு மூன்றாவதற்கும் ஏதாவது ஆகிவிட்டால், அந்த வீட்டில் நான் எந்த முகத்தோடு சாப்பிட உட்காருவேன்? எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. பயம் இருந்தது, அதுவே அவர்களுக்குப் போதும்.

இதெல்லாம் எங்கள் தாலுகாக்கள் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். எனக்குத் துணையாக என் மனைவியின் அண்ணன் வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், வயலில் உழுகிறவர், பல வருடம் ஓடியவர். அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு. என் தொப்பையைப் பார்த்து, இரண்டாவது கோயில் திக்குறிச்சி வரைக்காவது மாப்ளே வருவேரா என்று புறப்படும்போதே கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அவர் 'கோவிந்தா' சொல்ல, நான் 'கோபாலா' சொல்ல, ஓடத் தொடங்கினோம்.

அந்தப் பாதையில் சமதரை என்பது அபூர்வம். மரச்சீனிக் கிழங்கு விளைக்கு நடுவே ஏறினால் ரப்பர்த் தோட்டத்தில் இறங்கும், ஓடையைத் தாண்டினால் திரும்பவும் செம்மண் ஏற்றம். ஏற்றத்தில் வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். இறக்கத்தில் காலை அதன் போக்கில் விட்டால் முட்டு போய்விடும். சிவாலயம் ஓடுகிறவர்கள் இதற்கு வைத்திருக்கும் கணக்கு அந்தக் கூப்பாடுதான். ஏறினாலும் இறங்கினாலும் குரல் ஒரே மாதிரி வர வேண்டும். ஏற்றத்தில் குரல் அறுந்தால் அடியைச் சுருக்க வேண்டும், நடந்தாலும் குற்றமில்லை. இறக்கத்தில் குரல் குலுங்கினால் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். ஓட்டம் மாறலாம், உடம்பு படுகிற பாடு மாறக்கூடாது. திருநந்திக்கரைப் பக்கம் எங்களை முந்திக்கொண்டு இறக்கத்தில் பாய்ந்த பையன்கள் சிலரை, அடுத்த கோயிலான பொன்மனையில் யாரோ கொடுத்த சுக்குத் தண்ணீரோடு கால் நீட்டி உட்கார்ந்திருக்கப் பார்த்தேன். எனக்கு அற்ப சந்தோஷம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கொடுமை உண்டு. அவசரப்பட முடியாது. சீக்கிரம் முடித்துத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றால் அது நடக்காது. நிற்கவும் கூடாது, பாயவும் கூடாது. முன்னும் பின்னும் காவி வேட்டிகள், நடுவே நான், செக்கு மாடு மாதிரி. வீட்டில் என் மனைவிக்கு எட்டாம் மாதம். முந்தின இரண்டும் அந்த மாதத்தில்தான் போயின.

ஏழாவது கோயிலான கல்குளத்தில், தெப்பக்குளத்தில் முங்கி எழுந்து பார்த்தேன். மச்சான் சைக்கிளில் வந்த யாரோ ஒருவரோடு பேசிக்கொண்டு நின்றார். ஆளை நான் சரியாகக் கவனிக்கவில்லை. யார் என்று கேட்டதற்கு, தெரிஞ்ச ஆளு, சும்மா என்றார். மேலாங்கோட்டைத் தாண்டினோம். திருவிடைக்கோடும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. பாதை லேசான இறக்கம். எனக்கே மூச்சு சீராக இருந்தது. ஆனால் அத்தனை வருடம் ஓடிய மனிதருக்குக் 'கோவிந்தா' பாதியில் அறுந்து அறுந்து வந்தது. அது கால் செய்கிற வேலை இல்லை. திருவிதாங்கோட்டிலும் கும்பிட்டு முடித்ததும், குளக்கரையில் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அந்த சைக்கிள்காரன் என்ன சொன்னான்?"

அவர் குளத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார். காலையிலேயே வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். வண்டி கட்டி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். என்னிடம் சொன்னால் நான் ஏற்றத்தில் பாய்ந்து எங்காவது விழுந்துவிடுவேன், நேர்ச்சையும் போய்விடும் என்று மறைத்தாராம்.

அவரை அடித்திருப்பேன். அவருடைய தங்கைதான் அங்கே கிடக்கிறாள் என்பதும், மூன்று கோயில் தூரம் அதைத் தனியாகச் சுமந்தார் என்பதும் அப்போது புத்தியில் ஏறவில்லை. நெய்யூர் அங்கிருந்து கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் ஓடு தூரம். இன்னும் இரண்டு கோயில் பாக்கி. போனால் நேர்ச்சை முறியும், போகாவிட்டால் அவள் முகத்தைக் கடைசியாகக்கூடப் பார்க்காமல் போகலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நான் நெய்யூர்ப் பக்கம் திரும்பினேன்.

அவர் தடுக்கவில்லை. "போயிட்டு இங்கயே வாரும். விட்ட எடத்துல இருந்துதான் தொடங்கணும். நா இருக்கேன்" என்றார்.

எந்தக் கணக்கும் இல்லாமல் ஓடினேன். ஏற்றமும் தெரியவில்லை, இறக்கமும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஈரக் காவியும் கையில் விசிறியுமாக நின்ற என்னைப் பார்த்து ஒரு நர்ஸம்மாள் திகைத்தாள். பிறகு இரங்கி, ஒரு நிமிஷம்தான் என்று உள்ளே விட்டாள். மாமியார் சுவரோரம் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். என் மனைவி கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணில் வந்தது பயம்.

"என்னத்துக்கு வந்திய? முடிச்சாச்சா?"

இன்னும் இரண்டு இருக்கிறது என்றேன்.

"அப்பம் பாதியிலயா விட்டுட்டு வந்திய? இதையும் கொல்லணுமா? போங்க."

கையைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டாள். நான் பக்கத்தில் நிற்பது அவளுக்கு ஆறுதல் இல்லை, ஆபத்து. அதைவிடப் பெரிய அடி என் வாழ்நாளில் வாங்கியதில்லை. வெளியே வந்தேன்.

திரும்பும்போது கால் காட்டிக்கொடுத்துவிட்டது. தொடைத் தசை முறுக்கிக்கொண்டது. வழி முழுக்க நொண்டினேன். திருவிதாங்கோட்டில் மச்சான் அதே குளக்கரையில் உட்கார்ந்திருந்தார். கூட வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். இருக்காளா என்று மட்டும் கேட்டார். இருக்கிறாள் என்றேன். எழுந்தார். அதற்கு மேல் ஓட்டம் எங்கே? ஏற்றம் வந்தால் அவர் தோளில் கை போட்டேன், இறக்கம் வந்தால் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். 'கோவிந்தா' அவர் சொன்னார், 'கோபாலா'வும் அவரே சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். நெய்யூரில் இந்நேரம் என்ன நடந்திருக்கும் என்று ஒவ்வொரு அடிக்கும் நினைத்தேன், ஆனாலும் அடியை நீட்ட முடியவில்லை. திருப்பன்றிக்கோடு முடிந்து, திருநட்டாலத்தில் கடைசியாக விசிறி வீசியபோது என்ன வேண்டிக்கொண்டேன் என்று ஞாபகமில்லை. மற்றக் கோயில்களில் திருநீறு தருவார்கள். அங்கே சந்தனம். நெற்றியில் பூசிக்கொண்டேன்.

விடியும் நேரத்தில் ஒரு மாட்டுவண்டி எங்களை நெய்யூரில் இறக்கிவிட்டது. மாமியார் வராந்தாவில் இருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

என் மனைவி கண் திறந்து என் நெற்றியைத்தான் முதலில் பார்த்தாள். சந்தனத்தைக் கண்டபிறகே மார்போடு அணைத்திருந்த பஞ்சுப் பொதியைக் கொஞ்சம் விலக்கினாள். உள்ளங்கையில் அடங்குகிற பெண் பிள்ளை. தேறுமா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

"நீங்க போன பொறவு வலி தாங்கல்ல. அப்பம் நான் ஒண்ணு நேந்தேன்."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இவ உசுரோட இருந்தா, இவளுக்குக் கலியாணம் ஆவுறது வரைக்கும் வருசா வருசம் நீங்க ஓடுவியன்னு."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது பிள்ளை அழுதது. கதவு உராய்கிற அளவுக்கு மெல்லிய சத்தம், விட்டு விட்டு வந்தது. சட்டென்று நின்றது. நான் குனிந்து, பஞ்சுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "ஓடுகேன் மக்களே, ஓடுகேன்" என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.