மேஸ்திரியின் ‘முடிஞ்சிடுச்சு’

நாங்கள் கழுவி வைக்கும் தரையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. கார் நிறுத்த இடம் கிடைத்ததா இல்லையா என்பதுதான் வருகிறவர்கள் கவலை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. போன வாரம் நானே என் ஸ்கூட்டரைக் கோட்டின் மேல் கோணலாக நிறுத்திவிட்டுத்தான் கடைக்குள் ஓடினேன். எங்கள் மேஸ்திரி பார்த்திருந்தால் தோலை உரித்திருப்பார்.

கடைகளும் அலுவலகங்களும் உள்ள பெரிய கட்டடங்களின் பார்க்கிங்கை மழைக்கு முன்னால் ஒரு முறையும் மழைக்குப் பின்னால் ஒரு முறையும் சுத்தம் செய்து பழுது பார்ப்பது எங்கள் தொழில். நாங்கள் மொத்தம் நான்கு பேர். எண்ணெய்க் கறைமேல் மரத்தூள் போட்டுத் தேய்ப்போம். வடிகாலின் கம்பி மூடியைத் தூக்கி உள்ளே அடைத்திருப்பதை அள்ளுவோம். ஒற்றைச் செருப்பு, சாவிக்கொத்து, குழந்தையின் பால்புட்டி என்று என்னென்னவோ வரும். ஒரு தடவை முழுப் பல்செட் ஒன்று வந்தது. யாரும் தேடி வரவில்லை. கேட்க வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டுமே!

பிறகு வெடிப்புகளில் தார் ஊற்றி, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, காயவைத்து, கடைசியாகக் கோடு போடுவோம். காயவைப்பது என் வேலை. முதுகில் மாட்டிய புளோயரின் குழாயால் ஈரத்தை ஊதித் தள்ளுவேன். கோடு போடுவது மேஸ்திரி. நீலம் தடவிய நூலைத் தரையில் இழுத்துச் சுண்டி அடித்து, அது விழுந்த தடத்தின்மேல்தான் வெள்ளை பூசுவது. முதல் நூலை அவர்தான் அடிக்க வேண்டும். அந்த ஒரு கோடு ஒரு விரல் நகர்ந்தாலும் நூறாவது கோடு சுவரில் போய் முட்டும். அந்த நூலின் முனையை இருபது வருடத்தில் அவர் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. கேட்டுப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது.

அவரிடம் இன்னொரு சட்டமும் உண்டு. ‘முடிஞ்சிடுச்சு’ என்ற சொல்லை வேலை நடக்கும் இடத்தில் அவர் மட்டும்தான் சொல்லலாம். கழுவி முடித்தால் ‘கழுவியாச்சு’, தார் ஊற்றினால் ‘ஊத்தியாச்சு’. கடைசிக் கோடு காய்ந்து, அதன்மேல் தன் கட்டைவிரலை அழுத்திப் பார்த்து, விரலில் வெள்ளை ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகு அவர் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, “முடிஞ்சிடுச்சு!” என்று கத்துவார். காவலாளி கேட்டைத் திறப்பார். தண்ணீர் பீய்ச்சுகிற அண்ணன் டீக்கு ஓடுவார். எங்களைப் பொறுத்தவரை அதைவிட நல்ல வார்த்தை மொழியில் கிடையாது. ஒரு முறை புதிதாக வந்த ஆள் அவசரப்பட்டு அந்த வார்த்தையைச் சொல்லித் தொலைக்க, காவலாளி கேட்டைத் திறந்துவிட, ஈரக் கோட்டின்மேல் எட்டுக் கார்கள் ஏறிப் போயின. வெள்ளை டயர் தடம் நெடுஞ்சாலை வரைக்கும் போனது. அன்றிலிருந்து வந்த சட்டம் அது.

வீட்டிலும் அதே வார்த்தைதான். அவர் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாயங்காலம் போன் செய்து, “முடிஞ்சிடுச்சாப்பா?” என்று கேட்கும். “முடிஞ்சிடுச்சு கண்ணு” என்பார் இவர். அப்பா கிளம்பிவிட்டார், அரை மணியில் வீட்டில் இருப்பார் என்று அதற்கு அர்த்தம்.

அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மேஸ்திரி என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதால் வந்த உறவு. அண்ணி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருந்தார். மண்டியிட்டு வேலை செய்கிற புருஷனுக்குப் பழைய போர்வையை மடித்து முழங்கால் உறை தைத்துக் கொடுப்பார். நக்கல் பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. “ஊருக்கெல்லாம் கோடு போடறாரு உங்க அண்ணன். வீட்ல நான் கிழிச்ச கோட்டைத் தாண்டச் சொல்லு பாப்போம்” என்பார். மேஸ்திரி காது கேட்காதவர் மாதிரி செருப்புகளை வாசலில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பார். எங்களிடம் அவ்வளவு எரிந்து விழுகிற மனுஷன், அண்ணி முன்னால் பூனைக்குட்டி.

அந்த அண்ணிக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போனது. ஆறு மாதம் மாடிப்படி ஏற முடியவில்லை, தையல் மெஷினை மிதிக்க முடியவில்லை. அந்த ஆறு மாதமும் மேஸ்திரி சிரித்து நான் பார்க்கவில்லை. எங்களைத் திட்டவும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. கடைசியில் ஆபரேஷனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார்கள். எங்கள் கெட்ட நேரம், அதே ஞாயிறுதான் பெரிய கடைவளாகம் பார்க்கிங்கைக் காலி செய்து கொடுத்த நாள். அரை வருடத்துக்கு ஒரு நாள்தான் கொடுப்பார்கள்.

மேஸ்திரி வேலைக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னார். அண்ணிதான் துரத்திவிட்டார். நான் முந்தின நாள் பார்க்கப் போயிருந்தபோது என் எதிரில்தான் சொன்னார். “உள்ள என்னை அறுத்துத் தைக்கப்போறாங்க. நீங்க வெளிய சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கப்போறீங்க. அதுக்குப் போய் நூலைப் பிடிங்க. மத்தியானம் நான் கண்ணு முழிக்கறப்ப எதிர்ல நின்னா போதும். அதுவும் பெயிண்ட் வாடையோட வராதீங்க.” மகள் தான் பக்கத்திலேயே இருப்பதாகச் சொன்னது. அது மருந்துக்கடையில் வேலை செய்கிற பிள்ளை, விவரம் தெரிந்தது. சரி என்று வந்துவிட்டார்.

அன்று காலை அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் நூலை மூன்று தடவை அடித்து மூன்று தடவையும் அழித்தார். பதினொன்றரை இருக்கும், போன் அடித்தது. நான் அவருக்குப் பத்தடி தள்ளிப் புளோயர் ஓட்டிக்கொண்டிருந்தேன். அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அவர் ஒரு காதில் விரலை அடைத்துக்கொண்டு, மறு காதில் போனை அழுத்திக்கொண்டார். நான் குழாயை வேறு பக்கம் திருப்பினேனே தவிர மெஷினை நிறுத்தவில்லை. சுவிட்ச் என் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருந்தது. நிறுத்தியிருந்தால் அந்தப் பிள்ளையின் குரல் அவருக்குக் கேட்டிருக்கும். அதை நினைத்து இன்றைக்கும் நான் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

“முடிஞ்சிடுச்சா?” என்று கத்தினார் மேஸ்திரி. “அப்பாடா! சந்தோஷம் கண்ணு, ரொம்ப சந்தோஷம்! இதோ முடிச்சிட்டு ஓடி வந்துடறேன். நீ எதாவது சாப்பிட்டியா?”

போனைப் பைக்குள் போட்டுவிட்டு எங்களைப் பார்த்து, “ஆபரேஷன் முடிஞ்சிடுச்சுடா!” என்றார். ஆறு மாதச் சிரிப்பும் மொத்தமாக வெளியே வந்தது. வேலை நடுவில் டீ கூடாது என்கிற மனுஷன், தானே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். தண்ணீர் அண்ணனுக்கு இரண்டு. “பெயிண்ட் வாடையோட வரக்கூடாதாம், மகாராணி உத்தரவு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் போட்ட கோடுகளை நீங்கள் பார்க்க வேண்டும். இழுத்த இழுப்பில் நின்றன. ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, கையைத் தின்னரில் கழுவி, சோப்பில் கழுவி, மறுபடி சோப்பில் கழுவி, பையில் கொண்டுவந்திருந்த வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டார். நானும் அண்ணியைப் பார்க்கலாமென்று கூடவே கிளம்பினேன்.

ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில் நடைபாதை ஓரம் வரிசையாக நாற்காலிகள். அதில் ஒன்றில் மகள் உட்கார்ந்திருந்தது. மடியில் அண்ணியின் செருப்பு இருந்த பை. “கண்ணு முழிச்சிட்டாளா?” என்று கேட்டுக்கொண்டே போனார் இவர். பிள்ளை அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றது. உள்ளேயிருந்து நர்ஸ் வந்து, “நீங்கதான் வீட்டுக்காரரா? உங்களுக்காகத்தான் வெச்சிருக்கோம். பாத்துட்டீங்கன்னா கீழே அனுப்பிடுவோம்” என்றார். மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவருக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. உள்ளே போய் அண்ணியின் கையைப் பிடித்தவர், “சில்லுனு இருக்கே, போர்வை குடுங்க” என்று நர்ஸிடம் கேட்டார்.

பதினொன்றே காலுக்கு ஆபரேஷன் மேஜையிலேயே அண்ணி போய்விட்டார். ‘எல்லாம் முடிஞ்சிடுச்சுப்பா’ என்றுதான் பிள்ளை சொல்லியிருக்கிறது. வேறு எப்படிச் சொல்லும்? அந்தச் செய்தியை யாரும் வேறு எப்படியும் சொல்வதில்லை. எங்களுக்குத்தான் அந்த வார்த்தை பாழாய்ப்போன நல்ல வார்த்தை.

காரியங்கள் எல்லாம் முடிந்து மேஸ்திரி வேலைக்குத் திரும்பி வந்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வார்த்தையை விட்டுவிட்டார். கடைசிக் கோடு காய்ந்ததும் காவலாளியைப் பார்த்துக் கையைத் தூக்குவார், அவ்வளவுதான். வீட்டில் அப்பனும் மகளும் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. பிள்ளை சமைத்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடும். இவர் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வாடகைக்காரர்கள்.

மழை வந்து போய், அடுத்த சுற்று வேலை தொடங்கிய சமயம் ஒருநாள் அவரே சொன்னார். “அம்மா செத்த சேதியைச் சொன்ன பிள்ளைகிட்ட, ‘ரொம்ப சந்தோஷம்’னு சொன்ன அப்பன் நான். அது எப்படி தங்கச்சி என் மூஞ்சியைப் பாக்கும்?”

“தப்பா காதுல விழுந்துச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிச் சொல்ல? ஆரம்பிச்சாலே அந்த நாளைத் திரும்பக் கிளறணும். அந்தப் பிள்ளைக்கு அது வேணுமா?”

எனக்குப் பொறுமை குறைவு. அன்று சாயங்காலமே மருந்துக்கடை வாசலில் போய் நின்றேன். பிள்ளை கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் பிடித்துக்கொண்டேன். “உங்கப்பா புரிஞ்சுக்காம சொன்ன வார்த்தை அது. புளோயர் சத்தம். தப்பு என்மேல. என்னைத் திட்டு, அந்த மனுஷன்கிட்ட பேசு” என்றேன்.

“எனக்குத் தெரியும் அத்தை” என்றது.

“என்ன தெரியும்?”

“அப்பா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாருன்னு அந்த நிமிஷமே தெரியும். இல்லப்பா, அம்மா போயிட்டாங்கன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அவரு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாசமாச்சு. இனிமே எப்ப சிரிக்கப் போறாரு, வேலை முடிக்கிற வரைக்குமாவது இருக்கட்டும்னு போனை வெச்சுட்டேன்.”

பிள்ளை கைக்குட்டையை உருட்டிக்கொண்டே சொன்னது. “அப்புறம்தான் அவரு வந்து அம்மா கையைப் பிடிச்சு, சில்லுனு இருக்குன்னாரு. நான் சொல்லியிருந்தா சூடு ஆறதுக்குள்ள வந்து பிடிச்சிருப்பாருல்ல? நான்தானே விடல? பேசினா அழுதுடுவேன், அழுதா சொல்லிடுவேன். அதான் பேசறதில்லை. நீங்களும் சொல்லாதீங்க அத்தை.”

சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பழியைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, ஒரே வீட்டில் வாயை மூடிக்கொண்டு கிடப்பதற்கு நான் சாட்சியாக இருக்க வேண்டுமா? வாக்காவது மண்ணாவது என்று மறுநாள் காலை அவரிடம் போட்டு உடைத்துவிட்டேன்.

அவர் நூலுக்கு நீலம் தடவிக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்லக் கை நின்றது. மகள் தன்னை வெறுக்கவில்லை என்று தெரிந்ததும் மனுஷனுக்கு உயிர் வரும் என்று நினைத்தேன். இல்லாவிட்டால், ஏன் மறைத்தாய் என்று கோபமாவது வரும். இரண்டும் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்போ அந்த ஒண்ணரை மணி நேரம் பிள்ளைகூட யாரு இருந்தா?”

“யாருமில்லண்ணே” என்றேன்.

அவர் நூலைக் கீழே வைத்தார். அண்ணியைக் கொண்டுபோன அன்றுகூட அழாதவர், அந்த வெறும் தரையில் உட்கார்ந்து, காவலாளி ஓடி வரும் அளவுக்குச் சத்தம் போட்டு அழுதார்.

“நாம இங்க டீ குடிச்சிக்கிட்டிருந்தோமே, தங்கச்சி” என்றார்.