விரட்டுவதற்கு ஒரு சிவப்புக் கவுன்

பரமக்குடிப் பக்கமிருந்து துபாய்க்கு வந்த கார்மேகத்துக்குப் படிக்கத் தெரிந்த மொழி தமிழ் ஒன்றுதான். 2006-ல் அவர் விழுந்து விழுந்து படித்த புத்தகமோ சீன மொழியில் இருந்தது. அதனால் ஒரு சிரமமும் இல்லை. தப்பாகப் படித்துவிடுவோமோ என்ற பயமெல்லாம் எழுத்து தெரிந்தவர்களுக்குத்தான்.

துபாயின் சீனச் சந்தையான டிராகன் மார்ட்டில் ஒரு பொம்மைக் கடையில் அவருக்குப் பெட்டி இறக்கும் வேலை. கன்டெய்னரில் நசுங்கி வந்த குழந்தைகள் படப் புத்தகங்களைக் கடைக்கார மேடம் குப்பைக்கு ஒதுக்கியபோது, ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்று தனக்கு. இன்னொன்று, லீவில் போன ரூம்காரர் சோலையப்பன் கையில் ஊருக்கு, மகள் சந்திரகலாவுக்கு.

காரணம் இருந்தது. போன லீவில் அவர் வாசலில் வந்து இறங்கியதும் மூன்று வயது மகள் வீறிட்டுக் கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அறுபது நாள் லீவில் ஐம்பது நாள் அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலேயே இருந்தாள். பெயரும் வைத்தாள், "பெட்டி மாமா" என்று. போனிலும் பேச மாட்டாள். அடுத்த லீவுக்குள் மாமாவிலிருந்து அப்பாவாகப் பதவி உயர்வு கிடைத்தாக வேண்டும். கம்பெனியில் பதவி உயர்வு இல்லை என்று சொல்லவாவது வாயைத் திறப்பார்கள்; இவள் அதற்கும் திறப்பதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கேம்ப் ரூமிலிருந்து, "அஞ்சாம் பக்கம் எடு தாயி" என்பார். ஊரில் மனைவி உமாராணி பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனைப் பிள்ளையின் காதில் வைப்பாள். படத்தில் கொம்பும் கோரைப்பல்லுமாக ஒரு மிருகம். அது தூரதேசத்திலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்குச் சாமான் கொண்டுவருகிறது என்று கதை கட்டிவிட்டார் கார்மேகம். ரூமில் எட்டுப் பேரும் கதை கேட்டார்கள்.

"வருஷா வருஷம் லீவா? எந்தக் கம்பெனிண்ணே அது?" என்றான் பக்கத்துக் கட்டில் ஐயப்பன். "நமக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கத்தானே! அந்த மிருகத்துக்கு விசா குடுத்த கபீல் மொதலாளி யாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

பதினோராம் பக்கத்தில் சிக்கல் வந்தது. போனில் முதல்முறையாகப் பிள்ளை வாயைத் திறந்தது.

"சாமான் கொண்டாந்துச்சுல்ல? அப்புறம் ஏன் எல்லாரும் தட்டடிச்சு வெரட்டுறாக?"

படத்தில் ஊரே சிவப்பு உடுத்தித் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. மிருகம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. மகள் பேசிவிட்ட சந்தோஷத்தில் கார்மேகம் ரூமைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பதில் சொல்வதற்குள் போன் கார்டு தீர்ந்து அவரைக் காப்பாற்றியது.

மறுநாள் மேடத்திடம் கேட்டார். பாதி இந்தி, பாதி அரபி, மீதி கைஜாடையில் கதை வந்தது. சீனர்களின் வருஷப் பிறப்புக்கு முதல் நாள் அந்த மிருகம் ஊருக்குள் வந்து ஆளைத் தின்னுமாம். சிவப்பும் சத்தமும் அதற்கு ஆகாதாம். "லால் தேக்கா, கலாஸ்!", சிவப்பைக் கண்டால் தீர்ந்தது என்று மேடம் கடைக்குள்ளேயே ஓடிக் காட்டினார்.

கார்மேகத்தின் முகம் தொங்கிவிட்டது. எங்கிருந்தோ வருவது, எப்போதாவது வருவது, கண்டதும் பிள்ளைகள் கத்துவது. புத்தகம் முழுக்கத் தன் படமாக அல்லவா இருக்கிறது!

"பதினோராம் பக்கத்தை ஒட்டிருங்கண்ணே" என்றான் ஐயப்பன்.

"ஊர்ல இன்னொரு புத்தகம் இருக்கேப்பா. அதை யாரு ஒட்டுறது?"

அடுத்த வெள்ளிக்கிழமை உண்மையைச் சொல்லிவிட்டார். போனில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"நீ வந்தப்ப நானும் கத்துனேன்ல?"

"கத்துன."

"பயந்தியா?"

கார்மேகம் ரூமைச் சுற்றிப் பார்த்தார். எல்லோருக்கும் திடீரென்று சட்டை மடிக்கும் வேலை வந்துவிட்டது.

"ரொம்பப் பயந்தேன் தாயி."

அந்தப் பக்கம் களுக்கென்று ஒரு சிரிப்பு. "இந்தத் தடவையும் தட்டடிப்பேன். நீ ஓடணும்."

"எம்புட்டுத் தூரம்?"

"கம்மாக்கரை வரைக்கும். அப்புறம் திரும்பி வந்துரணும்."

"வந்துர்றேன்."

"எனக்குச் செவப்புக் கவுன் வேணும். இல்லாட்டி நீ ஓட மாட்ட."

அன்று சாயங்காலமே பர் துபாயில் கீழக்கரை மீராசாவின் துணிக்கடையில் நின்றார் கார்மேகம்.

"இதைவிடச் செவப்பா இல்லையா பாய்?"

"இதுக்கு மேலன்னா ரோட்டு சிக்னலைத்தான் கழட்டித் தரணும். புள்ளைக்கு என்ன வயசு?"

"நான் போறப்ப அஞ்சு. ஆறு வயசு அளவே குடுங்க. சொன்ன தேதிக்கு லீவு விட்டதாச் சரித்திரமே இல்ல."

"இவ்வளவு செவப்புல யாரைப் பயங்காட்டப் போறா?"

"என்னையத்தான்" என்றார் கார்மேகம், பல்லெல்லாம் தெரிய.

மீராசா ஏணியை எடுத்துப் போட்டு, இன்னும் சிவப்பானதைத் தேடி மேல்தட்டுக்கு ஏறினார்.