அக்காவின் வீட்டுக்காரர்

ஆண்பிள்ளை ஒருவர் பெண்டாட்டியின் சேலையைத் துவைத்துப் பிழிந்து கொடியில் உதறிப் போட்டதை நான் முதன்முதலாகப் பார்த்தது மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் அவர். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

பால்வெட்டு நின்றுபோய், ரப்பர் மரம் தறித்த இடத்திலெல்லாம் மரவள்ளிக்கிழங்கு நட்டிருந்த நேரம். வேலைக்குப் போகிறவருக்குத்தான் அரிசி. காலையில் அக்கா களை பிடுங்கப் போவாள். அவர் கிழங்கு அவித்து, இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டி வைத்துக்கொண்டு, அவள் திரும்பியதும் விறகு வெட்டப் போவார். இருவர் கூலியும் ஒரே பால் டின்னில் விழும். உப்பு வாங்குவதென்றாலும் இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் அதைத் திறப்பார்கள். என் வீட்டுக்காரர் கூலியை நான் கண்ணால் கண்டதில்லை, அது நேரே கள்ளுக்குப் போய்விடும். களை, தண்ணீர், அடுப்பு எல்லாம் நான் ஒண்டியாக இழுத்தேன். அக்கா தன் புருஷனைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை பேசியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். அவள் பேசவும் மாட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

சயாம் காட்டில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். ஒரு மத்தியானம் குழாயடியில் நான் தனியாக நின்றபோது கங்காணி வந்தார். எங்கள் இரண்டு வீட்டில் ஏதாவது ஒரு வீட்டு ஆம்பிளை போயாக வேண்டும், யார் போனால் குடும்பம் தாங்கும் என்று கேட்டார். என் வாய் சும்மா இருந்ததா?

“அக்காவுக்கு என்னாங்க. அது வேலைக்குப் போவுது, காசும் அது கையில. ஆம்பிள இல்லாட்டியும் சமாளிச்சுக்கும்.”

என் புருஷனைக் காப்பாற்றச் சொன்னேன் என்றால் அதையாவது மன்னிக்கலாம். அவன் போயிருந்தால் எனக்கு ஒரு ஆள் சோறு மிச்சம். எனக்கில்லாதது அவளுக்கும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

மறுநாள் அவரை லாரியில் ஏற்றிப் போனார்கள். அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவள் வெளியே போக முடிந்தது என்பது அதற்குப் பிறகுதான் என் மண்டைக்கு ஏறியது. பிள்ளைகளை விட்டுப்போக ஆளில்லாமல் அக்கா வேலையை விட்டாள். அரிசியும் நின்றது. நான் மத்தியான வேலைக்கு மாறிக்கொண்டு, காலையில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன்; அக்கா மறுபடி களை பிடுங்கப் போனாள். அவர் திரும்பி வரவேயில்லை.

போன வருடம் ஜித்ராவில் மகன் வீட்டில் படுக்கையில் கிடந்த அக்காவைப் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்று நான் இல்லாவிட்டால் பிள்ளைகள் செத்திருக்கும் என்றாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“அவரு அஞ்சு வருசந்தான் என்கூட இருந்தாரு, தங்கச்சி,” என்றாள். “அது போதும் எனக்கு.”

நான் என் புருஷனோடு நாற்பது வருடம் குடும்பம் நடத்தினேன். அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு நாள் கிடையாது. அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.