ஒரே முகம், இரண்டு கணக்கு

என் அக்காவுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை கிடைத்த வாரம், எங்கள் வீட்டில் யாரும் நிதானமாகப் பேசவில்லை. அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய் ஆள் ஆளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்தது.

அக்கா என்று எழுதுகிறேனே தவிர, நேரில் வாடி போடிதான். நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். எனக்குச் சற்று முன்னால் பிறந்துவிட்டாள் என்பதை இன்றுவரை அவள் என்னை மறக்கவிடவில்லை. மூக்கு, நெற்றி, சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் விழும் குழி என்று எல்லாம் ஒன்றே. ராயபுரத்தில் எங்கள் தெருவில் அம்மாவைத் தவிர யாரும் எங்களை ஒரே தடவையில் சரியாகக் கூப்பிட்டதில்லை. சர்ச்சில் பூசை முடிந்து வாசலில் நிற்கும் சாமியாரும் எதற்கு வம்பு என்று இருவரையும் சேர்த்தே விசாரிப்பார்.

கல்யாணமாகி அவள் திருவொற்றியூருக்குப் போனாள். நான் ராயபுரத்திலேயே தங்கி, மண்ணடியில் ஒரு சரக்கு ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவளுக்கு, ஒரு நாள் அந்தக் கண்டெய்னர்களையே தூக்கினால் என்ன என்று தோன்றிவிட்டது. பயிற்சிக்குப் போனாள், தேறினாள், வேலையும் வந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்குள் கம்பெனி சொன்ன வங்கியில் சம்பளக் கணக்கு தொடங்கி, எண்ணைத் தர வேண்டும். வங்கிக்குப் போக வேண்டியதில்லை, போனிலேயே வீடியோவில் ஆளைப் பார்த்துச் சரிபார்த்துவிடுவார்கள் என்றார்களாம்.

அதே வங்கியில் போன வருடம் நானும் அப்படித்தான் கணக்கு தொடங்கியிருந்தேன். அதனால் எல்லாம் தெரிந்தவள்போல, "எங்க வூட்டுக்கு வாடி, வெளிச்சம் நல்லா கீது" என்று அவளைக் கூப்பிட்டேன். சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்துவிட்டு, வெறும் சுவருக்கு முன்னால் அவளை உட்கார வைத்தேன். திரையில் ஓர் இளம் அதிகாரி வந்தார். முகத்தை இடப்பக்கம் திருப்பச் சொன்னார், வலப்பக்கம் திருப்பச் சொன்னார், கண்ணைச் சிமிட்டச் சொன்னார். பான் கார்டைக் காட்டச் சொன்னார். போனுக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டார். இந்தக் கணக்கு எதற்கு என்று அவர் கேட்டபோது, அக்கா கிரேனைப் பற்றி அவருக்கு ஒரு பாடமே நடத்திவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கீழே இறங்கி பேக்கரியில் கேக் வாங்கினேன். போனில் பணம் அனுப்பப் பார்த்தால் போகவில்லை. மறுபடி முயன்றேன். உங்கள் கணக்கு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று வந்தது. என்னுடைய கணக்கு. நான் எதையும் தொடவே இல்லையே என்று குழம்பியபடி மாடியேறினால், அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு கண் விரிய நின்றிருந்தாள். வீடியோவில் வந்த அதிகாரிதான் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. எங்கள் வங்கியில் ஏற்கெனவே வேறு பெயரில், வேறு பான் எண்ணில், இதே முகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்றார். கறுப்புப் பணத்தைக் கைமாற்றுகிறவர்கள் ஒரே ஆளை வைத்துப் பல பெயர்களில் கணக்கு தொடங்குவது உண்டாம். அதனால் புதிதாக வரும் ஒவ்வொரு முகத்தையும் பழைய முகங்களோடு இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்குமாம். எங்கள் விஷயத்தில் பிறந்த தேதி ஒன்று, அப்பா பெயர் ஒன்று, எங்கள் பெயர்களிலும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். இயந்திரத்துக்கு இதைவிடச் சந்தேகம் வர வேறென்ன வேண்டும்?

"சார், அது நான் இல்ல, என் தங்கச்சி. நாங்க ரெட்டைப் புள்ளைங்க" என்றாள் அக்கா.

அவர் அதை ஏற்கவில்லை. வாய் வார்த்தையை வைத்து எதுவும் செய்ய முடியாது, இன்னொரு முறை வீடியோவில் பார்க்கலாம் என்றார். அந்த அழைப்பு வந்ததும் நான் ஓடிப்போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். திரையில் சிவப்பாக ஏதோ எழுத்து வந்தது. ஒருவருக்கு மேல் தெரிந்தால் அழைப்பு தானாகவே நின்றுவிடுமாம். நின்றது. ஆனால் அதற்குள் அந்த அதிகாரி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டார். வாய் திறந்தபடி அவர் முகம் உறைந்து நின்றதை நாங்களும் பார்த்தோம். உடனே போன் வந்தது. நான் பார்த்துவிட்டேன், ஆனால் நான் பார்த்தது விதிப்படி செல்லாது, இருவரும் அசல் ஆவணங்களோடு நேரில் கிளைக்குப் போங்கள் என்று சொன்னார். அவர் குரலிலும் இப்போது ஒரு பரபரப்பு. வேலையில் சேர்ந்ததிலிருந்து இப்படி ஒன்று வந்ததே இல்லை என்றார்.

எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அக்காவுக்கோ திருவிழாவுக்குப் போகிற மாதிரி. வெள்ளிக்கிழமை காலை என் வீட்டுக்கே வந்து, ஒரே மாதிரி மாம்பழ நிறச் சேலையைத் தேடி எடுத்து இருவரும் கட்டிக்கொள்ள வேண்டும் என்றாள். கிளையில் பார்த்தவுடனே புரிய வேண்டுமாம். கட்டிக்கொண்டு மெட்ரோவில் ஏறினோம். எதிரில் உட்கார்ந்திருந்த ஒருவர் எங்களைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள்.

திருவொற்றியூர்க் கிளையில் எங்களை ஓர் அம்மா விசாரித்தார். பொறுமையானவர், கறாரானவர். எங்கள் சேலையைப் பார்த்து அவர் வியக்கவில்லை. ஒரே மாதிரி இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரிகிறது, நீங்கள் இரண்டு பேர் என்பது ஆவணத்தில் தெரிய வேண்டும் என்றார். பிறப்புச் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டார். முகம் ஒன்றாக இருந்தாலும் கைரேகை இரட்டையருக்கும் ஒன்றாக இருக்காது என்று விளக்கி, சின்னதாக ஒரு கருவியை மேசைமேல் வைத்தார்.

முதலில் நான் என் ஆதார் எண்ணைச் சொல்லி விரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. நான் நானேதான் என்று ஆகிவிட்டது. அடுத்து அக்கா. சிவப்பு. விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு. ஸ்டியரிங் பிடித்தே ரேகை தேய்ந்துவிட்டதோ என்று அவள் விரலைத் திருப்பிப் பார்த்தேன். அதுவரை சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்திலிருந்து முதல்முறையாகச் சிரிப்பு போனது. திங்கட்கிழமை அவள் கண்முன் நழுவிக்கொண்டிருந்தது.

"மேடம், அவ என் நம்பருல விரலை வெச்சுப் பார்க்கட்டுமா? அவ வேற ஆளுன்னு மிசினே சொல்லிடுமே" என்று கேட்டேன்.

"அப்படிச் செஞ்சா அதுதாம்மா குத்தம். மத்தவங்க நம்பர்ல நீங்க விரல் வைக்கக் கூடாது" என்றார் அவர். பிறகு அக்காவின் கையைத் தானே பிடித்து, ஈரத்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். "கட்டை விரலை வைங்க. அழுத்தாதீங்க, சும்மா வைங்க."

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். பச்சை.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி கத்திவிட்டோம். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் அந்த அம்மா சிரித்தார். எங்களைச் சேர்த்து நிறுத்தித் தன் டேப்லெட்டில் படம் எடுத்தார். இருவர் கணக்கிலும் இவர்கள் இரட்டையர், நேரில் பார்த்துச் சரிபார்க்கப்பட்டது என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். இரண்டு பேரையும் இரண்டு பேராகவே பார்ப்பதற்கு ஒருவர் இவ்வளவு பாடுபட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சொல்லத் தெரியாத ஒரு சந்தோஷம் எனக்கு.

தேரடிப் பக்கம் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோதே அவள் கணக்கு எண் வந்தது. சாயங்காலம் என் கணக்கும் திறந்தது.

திங்கட்கிழமை விடியும்போது அவளைக் கம்பெனி வேனில் ஏற்றிவிட நானும் போனேன். கையில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கை காட்டிக்கொண்டே போனாள். நாள் முழுக்க எனக்கு ஆபீஸில் வேலையே ஓடவில்லை. இருட்டியபின் போன் செய்தாள். பயிற்சி கொடுப்பவர் கூடவே நிற்க, முதல் பெட்டியைத் தூக்கி இறக்கினாளாம். பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது.

"மேல ஏறிக் குந்திக்கினு பார்த்தேன்டி. கடல் அவ்ளோ பெருசா கீது. கப்பலு அப்டியே கால்கிட்ட நிக்கிது. பொட்டியத் தூக்கும்போது அடி வவுறு சிலுசிலுங்குது. நாளைக்கும் போவணும், எனக்குத் தூக்கமே வரப் போறதில்ல."